கெர்னல் பேனிக் ஆனா நாம பேனிக் ஆக வேண்டாம்

காலேஜ் மூணாவது வருஷம், நானே கம்பைல் பண்ண லினக்ஸ் கெர்னலை நேரா என் லேப்டாப்புல போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணா கருப்பு ஸ்கிரீன். மறுநாள் காலையில ப்ராஜெக்ட் ரிவ்யூ, கோடு மொத்தமும் அதே லேப்டாப்புல. பழைய கெர்னலையாவது விட்டு வெச்சிருக்கலாம். இடம் பத்தலைன்னு அதையும் நான்தான் டெலீட் பண்ணியிருந்தேன். ரூம்மேட்கிட்ட பென்டிரைவ் வாங்கி, அதுல பூட் பண்ணி ஃபைல்களை மீட்டப்போ ராத்திரி மணி மூணு. அப்புறம் ரெண்டு வருஷம் கெர்னல் பக்கமே போகல.

அந்தப் பயத்தைப் போக்கினது கியூஎமு. 2003-ல் ஃபப்ரிஸ் பெல்லார்டு வெளியிட்ட எமுலேட்டர். எஃப்எஃப்எம்பெக்கை ஆரம்பிச்சதும் அவர்தான். மனுஷன் தூங்கவே மாட்டார் போல! சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாத்தையும் மென்பொருளாவே நடிச்சுக் காட்டும். உள்ளே கெர்னல் செத்தாலும் விண்டோவை மூடிட்டுப் போகலாம்.

சோர்ஸ் ஃபோல்டர்ல 'மேக் டெஃப்கான்ஃபிக்', அடுத்து 'மேக்'. டீ குடிச்சுட்டு வாங்க. பழைய லேப்டாப்னா சாப்பிட்டுட்டே வாங்க. கடைசியில் 'பிஇஸட்இமேஜ்'னு ஒரு ஃபைல் கிடைக்கும், அதுதான் சுருக்கி அடைச்ச கெர்னல். கியூஎமுவோட 'கெர்னல்' ஆப்ஷன்ல அதை நேரா கொடுக்கலாம். கிரப் வேண்டாம், டிஸ்க்கும் வேண்டாம்.

ஓட்டினா மெசேஜ் கடகடன்னு ஓடி, 'கெர்னல் பேனிக்'னு நிக்கும். ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் பண்ண முடியலைன்னு புலம்பும். கம்பைல்ல ஏதோ தப்புன்னு நினைச்சு நான் ரெண்டு தடவை முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். உண்மையில கெர்னல் நல்லாவே எழுந்துடுச்சு. தன் வேலையை முடிச்சு, அடுத்து ஓட்ட வேண்டிய முதல் ப்ரோக்ராமைத் தேடுது. நாமதான் எதையும் கொடுக்கல. வீட்டைக் கட்டிட்டு குடிவர ஆளே இல்லாத கதை.

அந்த ஆள்தான் 'இனிட்'. பிசிபாக்ஸை ஸ்டாட்டிக்கா கம்பைல் பண்ணுங்க, ஏன்னா உள்ளே சி லைப்ரரி எதுவும் கிடையாது. கூடவே 'இனிட்'னு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். ரெண்டையும் சிபிஐஓ ஆர்க்கைவா கட்டி 'இனிட்ஆர்டி' ஆப்ஷன்ல கொடுங்க. ஸ்கிரிப்ட்டுக்கு எக்ஸிகியூட் பர்மிஷன் மறந்தா, திரும்ப பேனிக்தான். ஷெல் வந்ததும் பழக்கதோஷத்துல 'எக்ஸிட்' அடிச்சுடாதீங்க. அந்த ஷெல்தான் ப்ராசஸ் நம்பர் 1. அது போனா கெர்னலும் கூடவே போயிடும்.

இப்போ 'மெயின் டாட் சி' ஃபைல்ல, 'ஸ்டார்ட் கெர்னல்' ஃபங்ஷனுக்குள்ள ஒரு பிரிண்ட் வரி சேர்த்து, திரும்ப 'மேக்' அடிங்க. மாத்தின பகுதி மட்டும்தான் கம்பைல் ஆகும், சீக்கிரம் முடியும். பூட் மெசேஜ் நடுவுல நான் எழுதின வரி ஓடினப்போ, அன்னிக்கு கருப்பா நின்ன அதே லேப்டாப்புலதான் பார்த்துட்டு இருந்தேன்.