பெருஞ்சில்லும் சுக்கானும்

அமுக்கம் என்பது ஓரலகு பரப்பின்மீது தாக்கும் விசை என்று கல்லூரியின் பௌதிக வகுப்பிலே மனனஞ் செய்தோம். அவ்வரைவிலக்கணம் பரீட்சைக்கன்றிப் பிறிதொன்றுக்கும் உதவும் என்று அக்காலத்தில் யான் எண்ணினேனல்லேன். பல ஆண்டுகள் கழிந்து, நோர்வே நாட்டிலே எந்திரவியல் தொழில் செய்து வருங்கால், அயல்நாடாகிய ஐஸ்லாந்துக்குச் சென்று, அங்குள்ள பனிமலைமீது ஜீப் வண்டிகள் மிதப்பன போல ஊர்ந்து செல்வதைக் கண்டபொழுதே அதன் பொருள் எனக்கு உள்ளபடி விளங்கியது.

ஐஸ்லாந்தின் நிலப்பரப்பிலே பத்தில் ஒரு பங்கு பனியாற்றினால் மூடப்பட்டது. அவற்றுட் பெரியது வத்னயேக்குள் என்பது. அந்நாட்டார் 1980களில், சாதாரண ஜீப்புக்கு மிகப் பெரிய ரயர்களைப் பூட்டி, அவற்றுள் இருக்கும் காற்றின் பெரும்பகுதியை வெளியேற்றிவிட்டால் வண்டி மென்பனியிற் புதையாது மேலே நிற்கும் என்பதைச் செய்து கண்டு தெளிந்தனர். 1990ஆம் ஆண்டிலே அந்நாட்டில் தொடங்கிய ஆர்ட்டிக் ட்றக்ஸ் என்னும் நிறுவனம் இவ்வேலையையே தொழிலாகக் கொண்டது. அவர்கள் மாற்றியமைத்த ரொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகள் 38 அங்குல விட்டமுள்ள ரயர்களோடு, வட காந்தமுனை 1996ஆம் ஆண்டில் இருந்த இடத்துக்கு 2007ஆம் ஆண்டிலே சென்று மீண்டன.

இதன் கணக்கு எளிது. முன்சில்லு ஒன்றின்மீது 1,320 இறாத்தல் பாரம் இருப்பதாகக் கொள்வோம். ரயரின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலாயின், பாரத்தைத் தாங்க 44 சதுர அங்குலம் நிலத்தைத் தொட்டாற் போதும். அமுக்கத்தை 3 இறாத்தலுக்குக் குறைத்தால் 440 சதுர அங்குலம் வேண்டும். ரயரின் பக்கச் சுவரும் பாரத்திற் சிறிது தாங்குமாதலின் உண்மையில் இத்துணை ஆகாது. எனினும் பன்மடங்கு கூடும் என்பதில் ஐயமில்லை. சப்பாத்து அணிந்து நிற்கும் மனிதன் நிலத்தில் உண்டாக்கும் அமுக்கமும் ஏறத்தாழ இரண்டு மூன்று இறாத்தலே. இரண்டு தொன் எடையுள்ள வண்டி மனிதனுடைய காலடி போலவே பனியில் மெல்லெனப் பதிகின்றது. சேற்று வயலிலே உழவு யந்திரத்துக்குக் கூட்டுச் சில்லுப் பூட்டுகின்ற நம் கமக்காரர் இதன் மற்றொரு வடிவத்தை நன்கறிவர்.

இவ்வளவும் நன்மை. தீமை சாரதியின் கையிலே வந்து விடிகின்றது.

நின்ற இடத்திலே சில்லைத் திருப்பும்பொழுது, நிலத்தைத் தொடும் பரப்பு முழுவதும் தன் நடுவைச் சுற்றித் தேய்ந்துகொண்டு திரும்ப வேண்டும். ஒரு ரூபாய்க் குற்றியை மேசைமீது விரலால் அழுத்தித் திருகுவது எளிது. அதே விசையால் ஒரு சாப்பாட்டுத் தட்டை அழுத்தித் திருகிப் பாருங்கள். உராய்வு விசை இரண்டிலும் ஒன்றேயாயினும், தட்டிலே அது நடுவிலிருந்து தொலைவில் நின்று எதிர்க்கின்றது. எந்திரவியலார் கையாளும் அனுபவச் சூத்திரமொன்றின்படி, பாரம் மாறாதிருக்க, இம்முறுக்கம் அமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதமாக வளரும். அமுக்கம் பத்திலொன்றாகக் குறைந்தால் முறுக்கம் மும்மடங்குக்கு மேலாகும். மேற்கூறிய சில்லுக்கு, உலர்ந்த வன்றரையிலே, 30 இறாத்தல் அமுக்கத்தில் ஏறத்தாழ 170 அடி-இறாத்தல் முறுக்கம் வேண்டும். 3 இறாத்தலில் 540 வேண்டும். இரண்டு சில்லுக்கும் 1,080. சுக்கான் பெட்டியின் விகிதம் பதினாறுக்கு ஒன்றென்றும், சுக்கான் சில்லின் ஆரை எட்டங்குலம் என்றும் கொண்டால், துணையாற்றல் ஒன்றுமில்லாத வண்டியிலே சாரதி ஏறத்தாழ 100 இறாத்தல் விசையோடு இழுக்க வேண்டியிருக்கும். முன்னர் 32 இறாத்தலே போதுமாயிருந்தது.

பனியிலே உராய்வு குறைவன்றோ எனின், குறைவுதான். ஆயினும் ஆங்கு சில்லு தான் வெட்டிய தடத்தினுள்ளே நிற்கின்றது. இருபுறமும் இறுகிய பனிச்சுவர். திருப்பும்பொழுது அச்சுவரை இடித்துத் தள்ள வேண்டும். மேலும், அகன்ற ரயருக்கு அகன்ற வளையம் வேண்டும். அவ்வளையம் சில்லை வெளிப்புறமாகத் தள்ளிவிடும். சில்லு திரும்புகின்ற கிங் பின் அச்சுக்கும் ரயரின் நடுவுக்கும் இடையேயுள்ள தூரம் இதனாற் கூடுகின்றது. பனிக்கடியில் மறைந்த கல்லொன்றிலே ஒரு சில்லு மோதினால், அவ்வடி இத்தூரத்தை நெம்புகோலாகக் கொண்டு சுக்கான் சில்லைக் கையினின்றும் பறித்துவிடும். பெருவிரலைச் சுக்கான் சில்லின் உட்புறத்தே மடித்துப் பிடித்தல் ஆகாது என்று பழஞ்சாரதிகள் எச்சரிப்பது இதனாலேயாம்.

இனி, யான் கண்ட ஒன்றைக் கூறுவேன். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நண்பர் மூவரோடு, வாடகைக்குப் பெற்ற வண்டிகள் இரண்டிலே அப்பனிமலைமீது சென்றோம். இரண்டிலும் 38 அங்குல ரயர். அவற்றுள் ஒன்றின் உடைமையாளர் ரயரையும் வளையத்தையும் மாற்றியிருந்தாரே தவிர, இரு முன்சில்லுகளையும் பிணைக்கும் இணைகோலை வண்டி பிறந்தபோதிருந்தபடியே விட்டிருந்தார். நண்பகலில், தடமொன்றினின்றும் வண்டியை வெளியே திருப்புகையில், அக்கோல் நடுவே வில்லாக வளைந்து, அடுத்த முயற்சியிலே இற்றுப்போயிற்று. ஒரு சில்லு கிழக்கை நோக்க மற்றையது வடக்கை நோக்கியது. கீழிறங்கும் சரிவிலே வேகமாய்ச் சென்றிருக்கையில் இது நிகழ்ந்திருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. இரு வண்டிகளின் பற்றறிகளையும் தொடராக இணைத்து 24 வோல்ற்று பெற்று, வெல்டிங் குச்சி கொண்டு, சுத்தியலால் நிமிர்த்திய கோலின்மீது இரும்புத்துண்டொன்றை வைத்து ஒட்டினோம். காற்றோ நிற்கவிடவில்லை. மலையடிவாரத்தை அடைய நள்ளிரவாயிற்று. வழியெங்கும் ஒருவர் மாறி ஒருவர் இறங்கி அவ்வொட்டைப் பார்த்தபடியே வந்தோம்.

ஆகவே, சுக்கானைத் திருத்த முற்படுவோர் முதலிற் கவனிக்கவேண்டியது ஆற்றலையன்று, வலிமையையே என்பது என் துணிபு. இணைகோலையும், சுக்கான் பெட்டியினின்று சில்லுக்குச் செல்லும் இழுகோலையும் தடித்த சுவருள்ள உருக்குக் குழாயினாற் செய்து மாற்றல் வேண்டும். அவற்றின் நுனியிலுள்ள போல் ஜொயின்ற் என்னும் உருண்டை மூட்டுகளும் பெரிய வண்டிக்குரியனவாதல் வேண்டும். இணைகோல் அச்சுக்குக் கீழே முன்புறமாகத் தொங்குமாயின் முதற் கல்லே அதனைத் தாக்கும். அதனால் திருப்புகைகளின் மேற்புறத்துக்கு அதனை உயர்த்துவர். வண்டியை உயர்த்தியோர் இன்னொன்றையும் மறத்தலாகாது. இழுகோலும், அச்சைப் பக்கவாட்டில் நிறுத்தும் குறுக்குக்கோலும் ஒன்றுக்கொன்று ஒருபோகாய் அமைதல் வேண்டும். சாய்வு வேறுபட்டால், பள்ளத்திலே சில்லு ஏறியிறங்குந்தோறும் வண்டி தானே திரும்பிக்கொள்ளும். சாரதி தன் கையைக் குற்றஞ் சொல்லிக்கொண்டிருப்பார்.

இவ்வளவும் செய்த பின்னரே துணையாற்றலைப் பற்றிப் பேசலாம். எண்ணெய் அமுக்கத்தாற் சுக்கானுக்கு உதவும் முறையை அமெரிக்கராகிய பிரான்சிஸ் டேவிஸ் 1926ஆம் ஆண்டில் ஒரு பியர்ஸ்-அரோ காரிலே அமைத்துக் காட்டினார். விலைக்கு வந்த கார்களில் அது முதன்முதல் இடம்பெற்றது 1951இல், கிறைஸ்லர் நிறுவனத்தாரால். இன்று ஜீப்புகளில் அது சாதாரணமாகக் காணப்படுவது. ஆயின், அவ்வுதவி பழைய சிறு ரயருக்கு அளந்து கொடுக்கப்பட்டது. அத்துடன் அது சுக்கான் பெட்டிக்குள்ளேயே பிறந்து, பெட்டியின் கை, இழுகோல் என்பவற்றின் வழியே சில்லை அடைகின்றது. பெரிய ரயர் எதிர்க்கும்பொழுது அவ்வெதிர்ப்பு அதே வழியே மீண்டுவந்து, பெட்டி பூட்டப்பட்ட சட்டத்தை முறுக்கும். சட்டத்தின் அவ்விடம் வெடித்த வண்டிகள் பலவற்றைக் கண்டுள்ளேன்.

இதற்கு ஐஸ்லாந்திலும் பிற நாடுகளிலும் கண்ட பரிகாரம், துணையுருளை ஒன்றைப் பூட்டுதல். சுக்கான் பெட்டியிலே வலப்புறம் திருப்புவதற்கு ஓர் எண்ணெய் அறையும், இடப்புறம் திருப்புவதற்கு மற்றோர் அறையும் உள. அவ்விரண்டிலும் துளையிட்டு, குழாய்கள் வழியே எண்ணெயை வெளியே கொணர்ந்து, ஓர் உருளையின் இரு முனைகளுக்கும் கொடுப்பர். உருளையின் ஒருபுறம் அச்சிலும், அதன் ஆடுதண்டு இணைகோலிலும் பூட்டப்படும். சாரதி சுக்கானைத் திருப்பியதும், பெட்டியின் வால்வு எந்த அறைக்கு எண்ணெய் விடுகின்றதோ, அதே திசைக்கு உருளையும் இணைகோலைத் தள்ளுகின்றது. விசை சட்டத்தின் வழியே செல்லாது நேரே சில்லுக்குச் செல்வதே இதன் சிறப்பு. குழாய் வெடித்தாலோ, வண்டி கனத்துப்போகுமேயன்றிக் கைவிட்டுப் போகாது. பழைய கோல்கள் யாவும் இருந்தபடியே உள. பெரும் அறுவடை யந்திரங்களிற் போல, கோல்களை அறவே நீக்கி எண்ணெயை மாத்திரம் நம்பும் முறையும் உண்டு. வீதியிலே வேகமாய் ஓடும் வண்டிக்கு அதனை யான் விதந்துரையேன். பல நாடுகளின் சட்டமும் அதனை ஏற்பதில்லை.

உருளையின் உள்விட்டம் ஒன்றரை அங்குலமாயின் ஆடுதண்டின் முகப்பரப்பு 1.77 சதுர அங்குலம். எண்ணெயின் அமுக்கம் 1,000 இறாத்தலாயின் கிடைக்கும் தள்ளுவிசை 1,770 இறாத்தல். திருப்புகையின் நீளம் ஏழங்குலம் என்றால் 1,030 அடி-இறாத்தல் முறுக்கம் வரும். முன்னர்க் கணித்த 1,080உடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்க. தண்டு முக்கால் அங்குலத் தடிப்புடையதாயின் அதன் பக்கத்திலே பரப்பு நாலிலொரு பங்கு குறையும். அத்திசையிலே உதவியும் அவ்வளவு குறையும். இரு திசையும் சமமாதல் வேண்டுமெனின், இரு முனையிலும் தண்டு நீண்ட உருளையை நாட வேண்டும்.

பம்பை மறந்துவிட்டு உருளையை மாத்திரம் பூட்டுவோர் ஏமாற்றமடைவர். எட்டங்குலம் ஓடும் உருளைக்கு ஏறத்தாழ கால் லீற்றர் எண்ணெய் புதிதாக வேண்டும். எஞ்சின் மெதுவாய்ச் சுழலுகையில் விரைவாகத் திருப்பினால், பழைய பம்பினால் அவ்வளவையும் உடனே கொடுத்தல் இயலாது. சுக்கான் நடுவிலே கல்லாய் இறுகிவிடும். மிகுதியாய் எண்ணெய் இறைக்கும் பம்பும், பெரிய தாங்கியும், எண்ணெயை ஆற்றுகின்ற சிறு குளிராக்கியும் உடன் வேண்டும். துளையிட்டபொழுது உதிர்ந்த இரும்புத்தூள் ஒரு துணுக்கேனும் பெட்டிக்குள் தங்கினால் வால்வைக் கெடுக்கும். பலமுறை கழுவிய பின்னரே பூட்டுக. சில்லு முழுதும் திரும்பி நிற்கும் எல்லையை அச்சிலுள்ள தடைகளே தாங்கவேண்டும். உருளையோ பெட்டியோ முந்திக்கொண்டு முட்டுமாயின் அவை விரைவிற் பழுதாகும்.

ஐஸ்லாந்திலே இவ்வாறு மாற்றஞ் செய்த வண்டிகள் சிறப்புப் பரிசோதனையிலே தேறிய பின்னரே வீதிக்கு வரலாம். அதற்கும் மேலாக, மலையேறும் நாளிற் காலையிலே அங்குள்ளார் ஒரு வழக்கம் வைத்திருக்கக் கண்டேன். ஒருவர் இருக்கையிலமர்ந்து சுக்கானை இப்புறமும் அப்புறமும் சிறிதே அசைப்பார். மற்றொருவர் பனியிலே மல்லாந்து படுத்து, கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு மூட்டின்மீதும் விரலை வைத்து, எங்கேனும் தளர்வு தட்டுகின்றதா என்று பார்ப்பார். அவ்வாண்டுக்குப் பின்னர் அங்கு சென்றபோதெல்லாம் படுக்கும் வேலையை யானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.