நிறுவன வழக்கறிஞர்: விமானப் பயணம் குறைவு, இரவு அழைப்புகள் அதிகம்

சட்டம் படிக்கிறேன் என்று சொன்னதும் பலர் என்னிடம் கேட்பது, “அப்படியென்றால் அடிக்கடி வெளிநாடு போவாயா?” என்பதுதான். தொலைக்காட்சித் தொடர்களில் வரும் வழக்கறிஞர்கள் பாதி நாள் விமான நிலையத்தில்தான் இருக்கிறார்கள். என் வகுப்புத் தோழர்கள் சிலர் அந்த ஆசையில்தான் இத்துறைக்கே வந்தார்கள்.

எனக்கு அது ஆசையாக இல்லை, அச்சமாக இருந்தது. என் அம்மா தாதி. அவருக்குப் பிற்பகல் வேலை இருக்கும் நாள்களில், பாட்டிக்கு இரவு உணவுக்குமுன் இன்சுலின் ஊசி போடுவது என் பொறுப்பு. “ஊர் ஊராகப் போகும் வேலை நமக்குச் சரிப்படுமா? யோசித்துக்கொள்ளம்மா,” என்றார் அம்மா. அந்தக் கேள்வியோடுதான் கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் ராஃபிள்ஸ் பிளேசில் உள்ள ஒரு சட்ட நிறுவனத்தில் நான்கு வார வேலைப்பயிற்சிக்குச் சென்றேன்.

நிறுவனச் சட்ட வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வாதாடுவது அரிது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போதும், முதலீடு திரட்டும்போதும், கூட்டுத்தொழில் தொடங்கும்போதும் ஒப்பந்தங்களை எழுதிச் சரிபார்ப்பவர்கள் அவர்கள். நான் இருந்த நான்கு வாரங்களில் எங்கள் குழுவிலிருந்து ஒரே ஒருவர்தான் வெளிநாடு சென்றார். அவர் நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவரான மூத்த வழக்கறிஞர். காலை விமானத்தில் ஜகார்த்தா சென்று வாடிக்கையாளரைச் சந்தித்துவிட்டு அன்றிரவே திரும்பிவிட்டார். இளம் வழக்கறிஞர்கள் யாரும் இருக்கையை விட்டு நகரவில்லை.

ஆவணங்கள்தான் பயணம் செய்கின்றன

இதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு நிறுவனத்தை வாங்குவதற்குமுன் அதன் ஒப்பந்தங்கள், கடன்கள், உரிமங்கள், வழக்குகள் அனைத்தையும் வாங்குபவரின் வழக்கறிஞர்கள் படித்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் விற்பவர் ஓர் அறையில் கோப்புகளை அடுக்கி வைப்பார். வழக்கறிஞர்கள் அங்கே நேரில் சென்று நாள்கணக்கில் உட்கார்ந்து படிப்பார்கள். இப்போது அந்த அறை இணையத்துக்குப் போய்விட்டது. கடவுச்சொல் இருந்தால் எந்த நாட்டிலிருந்தும் படிக்கலாம்.

கையெழுத்தும் அப்படித்தான். சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு மின்னியல் பரிவர்த்தனைச் சட்டம் மின்னியல் கையொப்பத்தை ஏற்கிறது. உயில் போன்ற சில ஆவணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரே ஒப்பந்தத்தின் கையெழுத்துப் பக்கங்கள் மூன்று நாடுகளிலிருந்து மின்னஞ்சலில் வந்து சேர்வது வழக்கமான காட்சி. கொவிட்-19 காலத்தில் பழகிய காணொளிச் சந்திப்புகள் எஞ்சியிருந்த பயணங்களில் பலவற்றையும் குறைத்துவிட்டன.

இன்னொரு காரணம் சட்டமே. சிங்கப்பூர்ச் சட்டத்தில் தகுதி பெற்றவர் இந்தோனீசியச் சட்டம் பற்றிக் கருத்துரை தர முடியாது. அதற்கு அந்நாட்டு வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். இந்தியாவில் இது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கு அது. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இந்தியாவில் தொழில் நடத்த முடியாது, ஆனால் வெளிநாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை கூற எப்போதாவது வந்து செல்லலாம் என்று 2018ல் தீர்ப்பானது. ஆகவே நாம் விமானம் ஏறுவதைவிட அங்குள்ள வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைப்பதே அதிகம்.

அப்படியானால் யார்தான் பயணம் செய்கிறார்கள்? வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய மூத்த வழக்கறிஞர்கள். வட்டாரமெங்கும் கிளைகள் வைத்திருக்கும் நிறுவனங்களின் உள்சட்டப் பிரிவினர். மின்நிலையம், சுரங்கம் போன்ற திட்டங்களில் ஈடுபடுவோர். பிறகு, நாடுகளுக்கு இடையிலான வணிகப் பூசல்களை நடுவர்முன் வாதாடுவோர். ஆனால் சிங்கப்பூரில் இந்தக் கடைசிப் பிரிவினரைத் தேடி மற்றவர்கள் இங்கே வருவதும் உண்டு. சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்ற மையம் 1991 முதல் இயங்குகிறது. பழைய சுங்கத்துறைக் கட்டடத்தில் 2010ல் திறக்கப்பட்ட மேக்ஸ்வெல் சேம்பர்சில் பல நாட்டு வழக்கறிஞர்களைப் பார்க்கலாம்.

நான் கேட்க மறந்த கேள்வி

பயணம் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியடைந்தேன். அந்த நிம்மதி மூன்றாவது வாரம் வரைதான் நீடித்தது.

அன்று மாலை ஐந்து மணிக்கு லண்டன் வழக்கறிஞர்களுடன் ஓர் இணையச் சந்திப்பு. குறிப்பெடுக்கும் வேலை என்னுடையது. ஆறு மணிக்குள் முடிந்துவிடும், ஏழரைக்குப் பாட்டி சாப்பிடுவதற்குள் வீட்டில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடைசி நேரத்தில் சந்திப்பு ஏழரை மணிக்குத் தள்ளிப்போனது. அம்மா வார்டில் இருந்தார். ஆறரை மணி வரை யாரிடமும் எதுவும் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பக்கத்து இருக்கை அக்காவிடம் சொன்னேன்.

“நீ வீட்டுக்குப் போ, குறிப்பு நான் எடுத்துக்கொள்கிறேன்,” என்றார் அவர். “ஆனால் இதை ஆறரை மணிக்குச் சொல்லாதே. திங்கட்கிழமை காலையிலேயே சொல்லிவிடு.”

ஊருக்குப் போகாவிட்டாலும் மற்ற ஊர்களின் கடிகாரத்தில்தான் இந்த வேலை ஓடுகிறது என்பது அன்றுதான் புரிந்தது. குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் மூன்று மணி என்றால் நமக்கு இரவு 11. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு 10. ஒப்பந்தம் முடியும் வாரத்தில் யாருடைய மாலையும் அவர்கள் கையில் இல்லை என்பதையும் அக்கா மறைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, எந்தெந்த நாள்களில் ஏழு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று குழுவிடம் முன்கூட்டியே சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு சந்திப்பில் மட்டும் பாட்டி சாப்பிட்ட பிறகு வீட்டிலிருந்தபடி சேர்ந்துகொண்டேன்.

2024 முதல், வழக்கறிஞராவதற்கான தொழிற்பயிற்சிக் காலம் இங்கே ஆறு மாதத்திலிருந்து ஓராண்டாக உயர்ந்துள்ளது. எந்தப் பிரிவு, எந்தக் குழு என்பதை முன்பைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இத்துறைமீது ஆர்வம் உள்ளவர்கள் வேலைவாய்ப்புக் கண்காட்சியில் “எத்தனை முறை வெளிநாடு போகலாம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறார்கள், கடந்த வாரம் எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள், நேரம் மாறினால் எப்போது சொல்வார்கள் என்றும் கேளுங்கள். மேலாளரிடம் கேட்பதைவிட ஈராண்டு அனுபவமுள்ள ஒருவரிடம் கேட்பது நல்லது.

பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பாட்டியின் ஊசி நேரத்தை முதல் நாளே சொல்லிவிடுவதாக அம்மாவிடம் உறுதி கூறியிருக்கிறேன். கடப்பிதழ் அலமாரியிலேயே இருக்கட்டும்.