மச்சிச்சாகோ: ‘வராதே’ என்று சொல்லும் விளக்கு

ஸ்பெயினின் வடகரையில், பாஸ்க் மீனவர் நகரம் ஒன்றின் தலைமாட்டில் 1852 முதல் ஒரு விளக்கு எரிகிறது. புயலையும் போரையும் பார்த்துவிட்ட அந்த முனைக்கு இப்போது வருபவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்.

பில்பாவோவிலிருந்து புறப்படும் சின்ன ரயில் கெர்னிக்காவைத் தாண்டியதும் ஊர்தாய்பாய் கழிமுகத்தின் கரையோரமாகவே ஓடுகிறது. கடல் வற்றும் நேரமாக இருந்தால் வலப்பக்க ஜன்னலில் சேறும் மணல்திட்டும் நாணலும்தான் தெரியும். ஏறும் நேரமாக இருந்தால் அதே இடத்தில் தண்ணீர் தளும்பும். பாதை முடியும் இடம் பெர்மியோ. ஏறத்தாழ 17,000 பேர் வாழும் மீன்பிடித் துறைமுகம். அங்கிருந்து மலைச்சாலை மேற்கே ஏறுகிறது. சில கிலோமீட்டரில் ஒரு கிளைச் சாலை வலப்பக்கம் பிரிந்து கடலை நோக்கி இறங்குகிறது. அதன் முடிவில் நிலம் தீர்ந்துபோகிறது.

மச்சிச்சாகோ முனை. பிஸ்காயா மாகாணத்தின் வடகோடி. இங்கே கோபுரங்கள் இரண்டு. பழையதில் 1852-ல் முதன்முதலாக விளக்கேற்றினார்கள். அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு 20-ம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கட்டிய எண்கோணக் கோபுரம்தான் இப்போது வேலை செய்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர் உயரத்தில், ஏழு நொடிக்கு ஒரு முறை வெள்ளை ஒளி வெட்டுகிறது. வானம் தெளிவாக இருந்தால் 24 கடல் மைல், அதாவது 44 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கப்பலுக்கும் தெரியும்.

பாஸ்க் மொழியில் இதற்கு ‘இட்சசார்கி’ என்று பெயர். இட்சசோ என்றால் கடல், ஆர்கி என்றால் ஒளி, கடலொளி. உலகின் வேறெந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத அந்த மொழி, பொருளுக்கு நேராகப் பெயர் வைத்துவிட்டது. தமிழ் இன்னும் ஓர் அடி முன்னே போனது. கரைதல் என்றால் அழைத்தல். கலங்களை அழைக்கும் விளக்கு கலங்கரை விளக்கம் என்பது பழைய உரைகாரர்கள் சொன்ன விளக்கம். துறைமுகத்து வாயிலில் நிற்கும் விளக்குக்கு அது பொருந்தும். மச்சிச்சாகோவுக்குப் பொருந்தாது. ‘இங்கே பாறை இருக்கிறது, விலகிப் போ’ என்பதுதான் இது சொல்லும் சேதி. அழைப்பது அல்ல, தடுப்பது இதன் வேலை.

அப்படி ஒரு விளக்கு தேவைப்பட்டதற்குக் காரணம் வியாபாரம். கிழக்கே பிரெஞ்சுக் கரை, மேற்கே பில்பாவோ, சான்டாண்டர் துறைமுகங்கள். பிஸ்கே விரிகுடாவின் தென்கரையை ஒட்டிப் போகும் கலங்கள் எல்லாம் இந்த மூக்கைச் சுற்றித்தான் போகவேண்டும். நீண்ட கடற்கரை இருந்தும் விளக்குகள் மிகக் குறைவாகவே இருந்த நாடு ஸ்பெயின். 1847-ல்தான் கரை முழுவதற்கும் விளக்கமைக்கும் பொதுத் திட்டம் ஒன்றை அரசு வகுத்தது. பிரெஞ்சுப் பொறியாளர் பிரெனெல் கண்டுபிடித்த அடுக்குக் கண்ணாடி வில்லை 1823-லேயே இதே விரிகுடாவின் வடக்கில், கோர்துவான் கோபுரத்தில் எரிந்துகாட்டியிருந்தது. சின்னச் சுடரின் ஒளியைச் சிதறவிடாமல் ஒரே கற்றையாகத் திரட்டி அனுப்பும் அந்த வில்லை வந்த பிறகு, விளக்கு என்பது விறகையும் எண்ணெயையும் கூட்டி எரிக்கும் சமாச்சாரமாக இல்லாமல் போனது. திட்டம் வந்த ஐந்தாம் ஆண்டில் மச்சிச்சாகோவுக்கு விளக்கு வந்துவிட்டது.

முனையின் பெயர் ஸ்பெயினில் பலருக்கு வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கிறது. ‘காபோ மச்சிச்சாகோ’ என்று பெயர் சூட்டப்பட்ட நீராவிக் கப்பல் 1893 நவம்பர் 3 அன்று சான்டாண்டர் துறைமுகத்தில் தீப்பிடித்தது. வேடிக்கை பார்க்க ஊரே படித்துறையில் கூடியது. கப்பலின் வயிற்றில் டைனமைட் இருந்தது. வெடித்ததில் 500-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பாறைக்குத் தப்பிய கப்பல் துறைமுகத்தில் அழிந்தது.

ஆனால் பெர்மியோக்காரர்களுக்கு மச்சிச்சாகோ என்றால் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று காற்று, இன்னொன்று போர்.

காற்றுக்கு ‘கலெர்னா’ என்று பெயர். வசந்தத்திலும் கோடையிலும் சில நாள் தெற்கிலிருந்து மலைகளைத் தாண்டி இறங்கும் காற்று கரையைச் சுட்டெடுக்கும். கடல் எண்ணெய் விட்டதுபோலக் கிடக்கும். மீன்பிடிக்க இதைவிட நல்ல நாள் உண்டா என்று தோன்றும். பிற்பகலில் மேற்கே அடிவானம் கறுக்கும். அடுத்த சில நிமிடங்களில் காற்று திசைமாறி மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அறையும். வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் சட்டென்று சரியும். தட்டையாகக் கிடந்த கடல் மலைமலையாக எழும். பாயைச் சுருட்டக்கூட அவகாசம் இருக்காது. 1878 ஏப்ரல் 20, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, இப்படி அடித்த ஒரே காற்றில் கான்டாப்ரியா, பாஸ்க் கரைகளில் 300-க்கும் மேற்பட்ட மீனவர்கள் செத்தார்கள்.

பெர்மியோவின் முறை 1912-ல் வந்தது. ஆகஸ்ட் மாதம் சூரை மீன் காலம். சூரையைத் தேடிப் படகுகள் கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தன. ஆகஸ்ட் 12 இரவு தொடங்கிய காற்று விடியும்வரை விடவில்லை. அது வழக்கமான கலெர்னா அல்ல, ஆழ்ந்த தாழ்வழுத்தம் கிளப்பிய பெரும்புயல் என்பது வானிலைக்காரர்களின் திருத்தம். ஊரார் இன்றும் கலெர்னா என்றுதான் சொல்கிறார்கள். மாண்டவர்கள் 143 பேர். அதில் 116 பேர் பெர்மியோக்காரர்கள். ஒரு படகில் தகப்பனும் மகனும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து போவதுதான் மீனவர் வழக்கம் என்பதால், வீட்டில் ஆண்களே இல்லாமல் போன குடும்பங்கள் எப்படி உண்டாயின என்பதை விளக்கவேண்டியதில்லை.

எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லாத காலமும் அல்ல அது. ஹுவான் மிகேல் ஒர்கோலாகா என்ற பாதிரியார் கலெர்னாவை முன்கூட்டிச் சொல்வதையே வாழ்க்கை வேலையாக வைத்திருந்தார். சான் செபாஸ்தியான் அருகே இகெல்தோ மலையில் 1905-ல் அவருக்காக ஒரு வானிலைக் கூடம் அமைந்தது. அங்கிருந்து துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். கடலுக்குள் ஏற்கெனவே போய்விட்ட படகுக்கு மட்டும் எந்தத் தந்தியும் போய்ச்சேராது. மச்சிச்சாகோ விளக்கு தன் கணக்குப்படி எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். கரை எங்கே என்று அது காட்டும். கரைக்கு வந்துசேர வலு கொடுக்காது.

பெர்மியோவின் பழைய எர்சியா கோபுர வீட்டில் உள்ள மீனவர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு முனைக்குப் போவது நல்லது. படகின் அளவைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தக் கடலைப் பார்க்கும்போது கணக்கு வேறுமாதிரி தெரிகிறது.

இரண்டாவது நினைவு 1937 மார்ச் 5-ன் போர். உள்நாட்டுப் போர் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. பாஸ்க் தன்னாட்சி அரசு குடியரசின் பக்கம் நின்றது. பிரான்ஸ் எல்லையில் உள்ள இருன் நகரம் 1936 செப்டம்பரிலேயே பிராங்கோவின் படைகளிடம் விழுந்துவிட்டதால், தரைவழி அடைபட்டுப்போனது. உணவு, ஆயுதம், ஆள், பணம் எதுவானாலும் கடல் வழியேதான் வரவேண்டும். போர்க்கப்பல் வாங்கக் காசு ஏது? ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல்களில் பீரங்கியைப் பொருத்திக் கடற்படை என்று பெயர் வைத்தார்கள்.

அன்று பிரான்ஸின் பயோன் துறைமுகத்திலிருந்து பயணிகளையும் பாஸ்க் அரசின் நாணயங்களையும் ஏற்றிக்கொண்டு ‘கால்டாமெஸ்’ என்ற கப்பல் பில்பாவோவுக்கு வந்துகொண்டிருந்தது. துணைக்கு இந்த மீன்பிடிப் ‘போர்க்கப்பல்கள்’. முனைக்கு வெளியே எதிர்ப்பட்டது பிராங்கோ தரப்பின் ‘கனாரியாஸ்’. பத்தாயிரம் டன் எடை, 203 மில்லிமீட்டர் பீரங்கி எட்டு. ‘பிஸ்காயா’ என்ற துணைக்கப்பல், எதிரி பிடித்து வைத்திருந்த ஓர் ஆயுதக் கப்பலை மீட்டு பெர்மியோவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. ‘கிபுஸ்கோவா’ அடிபட்டுத் தீயோடு கரைக்குத் திரும்பியது. ‘நபர்ரா’ திரும்பவில்லை.

நபர்ரா ஒரு காலத்தில் நியூபவுண்ட்லாந்து வரை போய்க் காட் மீன் பிடித்துவந்த கப்பல். அதில் இருந்தது இரண்டே பீரங்கி. மணிக்கணக்கில் அது சுட்டுக்கொண்டே இருந்தது. 49 பேரில் 29 பேர் மாண்டார்கள். கப்பல் தலைவர் என்ரிகே மொரேனோ பிளாசா கப்பலோடு மூழ்கினார். எஞ்சிய 20 பேரைக் கடலிலிருந்து தூக்கியெடுத்தது எதிரிக் கப்பலேதான். கனாரியாஸின் தலைவர் பெயரும் மொரேனோ. சால்வதோர் மொரேனோ. பிடிபட்டவர்களுக்கு ராணுவ மன்றம் மரண தண்டனை விதித்தது. அவர்களுக்காகப் பரிந்து பேசியவர்களில் அவரும் ஒருவர். 1938-ல் விடுதலை கிடைத்தது. கால்டாமெஸில் பிடிபட்ட கட்டலோனிய அரசியல்வாதி மனுவேல் கராஸ்கோ பொர்மிகேராவுக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. 1938 ஏப்ரலில் புர்கோஸ் நகரில் சுட்டுக் கொன்றார்கள்.

இந்தச் சண்டை நடந்து ஏழு வாரத்தில், ஏப்ரல் 26 அன்று கெர்னிக்கா மீது குண்டு விழுந்தது. பிக்காசோவின் ஓவியத்தால் அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. கழிமுகத்தின் இந்த முனையில் நடந்தது அவ்வளவாகப் பரவவில்லை. ஆங்கிலக் கவிஞர் செசில் டே லூயிஸ் நபர்ராவைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதினார். கெர்னிக்கா செய்தியை உலகுக்குச் சொன்ன நிருபர் ஜார்ஜ் ஸ்டீரின் புத்தகம்தான் அதற்கு ஆதாரம். முனையில் ஒரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. பிராங்கோ இருந்தவரை அப்படியொன்றை நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது.

இன்றைய பயணிகளில் பலர் முனையைக் கண்டுகொள்வதில்லை என்பதே நிஜம். அவர்கள் மேற்கே சற்றுத் தள்ளியிருக்கும் காஸ்டெலுகாச்சே பாறைத் தீவுக்குப் போகிறவர்கள். 241 படி ஏறி, உச்சியிலுள்ள சிற்றாலயத்தின் மணியை அடித்துவிட்டு வருவார்கள். ‘கேம் ஆப் த்ரோன்ஸ்’ தொடரின் ஏழாம் பருவம் 2017-ல் வெளியான பிறகு கூட்டம் தாங்காமல், முன்பதிவுச் சீட்டு முறையே கொண்டுவரவேண்டியதாயிற்று. அந்த ஆலயத்தில் கடலில் பிழைத்த மீனவர்கள் நேர்ந்துவைத்த காணிக்கைகள் உண்டு என்பது டிராகனைத் தேடி வருபவர்கள் கண்ணில் எத்தனை பேருக்குப் படுகிறதோ.

மச்சிச்சாகோ கோபுரத்துக்குள் ஏறிப் பார்க்கலாம் என்று வருபவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. கதவு பூட்டித்தான் இருக்கும். உள்ளே போய்ப் பார்க்கவேண்டும் என்றால் கிழக்கே லெகெய்தியோவில் சான்டா கத்தலீனா விளக்குக்குப் போகவேண்டும். அதைக் கடலோடிகளின் கலையைச் சொல்லும் காட்சிக்கூடமாக்கி மக்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பூட்டுக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. 1992-ல் ஸ்பெயின் கொண்டுவந்த துறைமுகச் சட்டம், விளக்குக் காவலர் பணியில் இனிப் புதிதாக ஆளெடுப்பதில்லை என்று முடிவுகட்டியது. இருந்தவர்கள் ஓய்வுபெறப்பெற, கோபுரத்தடி வீடுகள் காலியாகின. திரியும் சாவியும் பார்த்த வேலையைத் தானியங்கிக் கருவி பார்த்துக்கொள்கிறது. கப்பல்காரர்களோ செயற்கைக்கோள் காட்டும் இடத்தைத் திரையில் பார்க்கிறார்கள்.

பெர்மியோவின் மீனவர்களும் இந்த விளக்கின் எல்லையைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டார்கள். எங்கே? இந்தியப் பெருங்கடலுக்கு. பிஸ்கேயில் சூரை பிடித்த ஊர் 20-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பெரிய உறைபதனக் கப்பல்களை இறக்கி, வெப்பமண்டலக் கடல்களில் சூரையைத் துரத்தத் தொடங்கியது. செஷல்ஸின் விக்டோரியா துறைமுகம் அவற்றுக்கு இரண்டாம் வீடு. 2009 அக்டோபரில் ‘அலக்ரானா’ என்ற பெர்மியோ கப்பலைச் சோமாலியக் கடற்கொள்ளையர்கள் 36 பேருடன் பிடித்துக்கொண்டபோது, ஊர் ஒன்றரை மாதம் தூங்கவில்லை. நவம்பர் 17 அன்று விடுவித்தார்கள். காற்றுக்குப் பயந்த ஊர், 97 ஆண்டு கழித்துத் துப்பாக்கிக்குப் பயந்தது. காத்திருந்தது என்னவோ அதே துறைமுகத்தில்தான்.

அதே கப்பல்களைப் பற்றி எதிர்க்கரையிலிருந்து வேறு குரலும் வருகிறது. மிதவைகளைக் கட்டிவிட்டு, அவற்றின் நிழலில் கூடும் மீனைக் குஞ்சோடு சேர்த்து வளைத்து அள்ளும் ஐரோப்பியக் கப்பல்கள் மீது, தூண்டிலில் ஒவ்வொன்றாகச் சூரை பிடிக்கும் மாலத்தீவு நீண்டகாலமாகக் குறைசொல்லிவருகிறது. பெர்மியோவுக்குச் சோறு போடுவதும் அந்த வலைதான். 1912-ன் விதவைகளுக்காக இரங்கும் யாரும் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

பொழுது சாயும்போது முனையில் கார்கள் குறைகின்றன. தொலைநோக்கியுடன் கடற்பறவைகளுக்காகக் காத்திருப்பவர்கள் மட்டும் புல்லில் உட்கார்ந்திருப்பார்கள். இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து வலசை போகும் கடல்வாத்து வரிசைகள் இந்த மூக்கை உரசித்தான் திரும்புகின்றன. கீழே சின்னப் படகு ஒன்றிரண்டு கிழக்கே பெர்மியோ பக்கம் திரும்புகின்றன. யாரும் பொத்தானைத் தட்டாமலே மேலே விளக்கு எரியத் தொடங்குகிறது. தரையில் நிற்கும் சிறுவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள். ஏழு சொல்லும்போது வெளிச்சம் வருகிறது.