முத்துக்குளித்தவர்களின் நெஞ்சுக்குள் ஒரு வைத்தியம் இருந்தது, தெரியுமா?

மன்னார் மாவட்டத்து அரிப்புக் கரைக்கு அப்பால் இருக்கிற முத்துப்பார்களில், காலுக்குக் கல்லோடு ஒரே மூச்சில் இறங்கினார்களே நம் முத்துக்குளிகாரர், தண்ணீருக்குள் போன கையோடு அவர்களுடைய இதயம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தெரியுமா? பயத்தில் அல்ல. மூச்சை அடக்கி முகத்தை நனைத்தால் வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்கு 'மெல்லப் போ' என்று உத்தரவு போடும். உள்ளே இருக்கிற ஒக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்க உடம்பு வைத்திருக்கிற ஏற்பாடு அது. 1962இல் ஷோலண்டர் என்ற விஞ்ஞானி, அவுஸ்திரேலியாவின் டொரஸ் நீரிணையில் முத்துக்குளித்தவர்களிடம் இதை அளந்தே காட்டினார். நீலத் திமிங்கிலம் ஆழத்துக்கு முக்குளிக்கும்போது அதன் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு இரண்டு வரைக்கும் குறையும் என்று 2019இல் கலிபோர்னியக் கடலில் கண்டுபிடித்தார்கள். இரண்டே இரண்டு!

முத்துக்கும் குழந்தை வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வாருங்கள்.

பிறந்த குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 100 முதல் 160 வரை அடிப்பது வழமை. சில குழந்தைகளுக்குத் திடீரென 220ஐத் தாண்டும், 300ஐக்கூடத் தொடும். விநாடிக்கு ஐந்து அடி! நாடி பிடித்துப் பார்த்தால் எண்ணவே முடியாது. எஸ்.வீ.டி. என்பார்கள் வைத்தியர்கள். குழந்தைகளுக்கு வருகிற இதயத் துடிப்புக் கோளாறுகளில் அதிகம் காண்பது இதுதான். கைக்குழந்தை 'நெஞ்சு படபடக்குது' என்று சொல்லுமா? "பிள்ளை பால் குடிக்குதில்லை டொக்டர், வேர்த்து வழியுது, ஒரே சிணுங்கல்" என்று தாய்தான் வந்து நிற்பாள். அதற்குள் பல மணி நேரம் ஓடியிருக்கும்.

அப்போது முதலில் எடுப்பது என்ன தெரியுமா? ஐஸ்! பொலித்தீன் பைக்குள் ஐஸும் தண்ணீரும் கலந்து, குழந்தையின் நெற்றியிலும் முகத்தின் மேற்பகுதியிலும் சில விநாடி வைப்பார்கள். மூக்கையும் வாயையும் மூடக்கூடாது, கண்ணை அழுத்தவும் கூடாது. ஈ.சீ.ஜீ. ஓடிக்கொண்டிருக்க, வைத்தியசாலையில் செய்கிற வேலை இது. வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். குளிர் பட்டதும் குழந்தையின் உடம்பு தான் கடலுக்குள் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். வேகஸ் விழித்துக்கொள்ளும். 280இல் பறந்த இதயம் சட்டென்று 140க்கு வந்து நிற்பதைத் திரையில் பார்க்கலாம்.

ஐஸுக்கு மசியாவிட்டால் அடினோசின் ஊசி. இந்த மருந்தின் ஆயுள் எவ்வளவு? இரத்தத்தில் பத்து விநாடிக்குள் பாதி காணாமற்போய்விடும்! அதனால்தான் இதயத்துக்குக் கிட்டிய நாளத்தில் ஏற்றி, பின்னாலேயே உப்புநீரை வேகமாகத் தள்ளுகிறார்கள். திரையில் கோடு சில விநாடி தட்டையாகும். முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் பக்கத்தில் நிற்கிற தாய்க்கு உயிர் போய் வரும். பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, ஒழுங்கான நடை. இன்னொரு வேடிக்கை: தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் இந்த மருந்தை மல்லுக்கட்டித் தடுக்கும். பிளேன்டீ குடித்துவிட்டு வருகிற பெரிய பிள்ளைக்கு மருந்து சரியாக எடுபடாமல் போகலாம்!

இந்தக் கதையில் எனக்குப் பெரிய அதிசயம் மருந்து அல்ல, காகிதம். துடிப்புக் கோளாறு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். மன்னாரில் படபடத்த நெஞ்சு, முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போய்க் கொழும்பில் இறங்கும்போது சாதுவாக அடித்துக்கொண்டிருக்கும். எத்தனை பெரிய நிபுணரும் அங்கே என்னத்தைப் பார்ப்பது? படபடப்பு இருக்கும்போதே மன்னார் பொது வைத்தியசாலையில் எடுத்த ஈ.சீ.ஜீ. காகிதம் கையில் இருந்தால் பாதி நோய் பிடிபட்ட மாதிரி. நிபுணர் வைத்தியம் கொழும்பில் தொடங்குவதில்லை என்பேன். கிளினிக் கொப்பிக்குள் அதை மடித்து வைக்கிற தாய், போனிலும் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. அந்தக் காகிதத்தின் கோடுகள் வெயிலில் மங்கும்.

இதயத்தின் கோடுகளைத் தூரத்துக்கு அனுப்புவது கைபேசிக் காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்தீர்களா? 1905! ஒல்லாந்தில் லெய்டன் நகரத்து வைத்தியசாலையில் இருந்த நோயாளியின் துடிப்பை, ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளியிருந்த தன் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக இழுத்துப் பதிவுசெய்தார் ஐன்தோவன் என்ற விஞ்ஞானி. அதே ஆண்டின் முற்பகுதியில் இங்கே மரிச்சுக்கட்டிக் கரையில் பெரும் முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்தது.

படபடக்கும் பிள்ளையை அவசரமாகக் கொண்டுபோக, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் இருக்கிறது. 2018இல் வடக்குக்கு வந்தது.

கொழும்பில் பிள்ளை போய்ச் சேருகிற இடம் பொரளை. 1895இல் தொடங்கிய சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, 900க்கு மேற்பட்ட கட்டில்கள், கட்டணம் ஒரு சதமும் இல்லை. காகிதத்தைப் பார்த்ததும் நிபுணர்கள் தேடுவதில் ஒன்று, 1930இல் வுல்ஃப், பார்க்கின்சன், வைற் என்ற மூவர் விவரித்த கோளாறு. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் கடக்க ஒரேயொரு வாசல்தான் இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே ஒரு கள்ளப் பாதையும் இருக்கும். சோதனைச் சாவடியைச் சுற்றிப் போகிற ஒழுங்கை மாதிரி. அதன் வழியே மின்சாரம் வட்டமடிக்கத் தொடங்கினால் இதயம் பறக்கும். தொடையிடுக்கு நாளத்தால் மெல்லிய கம்பியை விட்டு, அந்தப் பாதையைத் தேடிப் பிடித்து, சில மில்லிமீற்றர் இடத்தைச் சூடாக்கிப் பொசுக்கினால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதோடு சுகம். நெஞ்சைத் திறக்கவே தேவையில்லை! ஆனால் கைக்குழந்தைகளுக்கு அவசரப்படமாட்டார்கள். பலருக்கு ஒரு வயதாவதற்குள் அது தானாகவே அடங்கிவிடும்.

கடலோரப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது இது. நீண்ட க்யூ.டி. என்ற பரம்பரை இதயத் துடிப்புக் கோளாறில் ஒரு வகை, நீந்தும்போது தாக்கும்! இன்னொரு வகைக்கு எலாம் மணி அலறினாலே போதும். ஓடும்போதோ நீந்தும்போதோ சடாரென விழுகிற பிள்ளைக்கு வலிப்பு என்று வருடக்கணக்கில் மருந்து கொடுத்த கதைகள் உலகம் முழுக்க உண்டு. ஒரேயொரு ஈ.சீ.ஜீ. எடுத்திருந்தால் தெரிந்திருக்கலாம். 1957இல் நோர்வே வைத்தியர்கள் விவரித்த கதை இது: ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகள், நால்வருக்கும் பிறவியிலேயே காது கேளாது, நால்வரும் மயங்கி விழுவார்கள். மூவர் திடீரென இறந்தார்கள். அதுவும் நீண்ட க்யூ.டி.தான்; அந்த வகைக்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே மச்சாளைக் கட்டுகிற ஊர்களில் அதற்கு வாய்ப்புக் கூட.

படபடப்பதுதான் கோளாறு என்றில்லை, மந்தமும் கோளாறுதான். தாயின் இரத்தத்தில் உள்ள சில எதிர்ப்புப் பொருட்கள் வயிற்றுப் பிள்ளையின் இதய மின்வழியை அரித்துவிடுவதுண்டு. 140 கேட்க வேண்டிய இடத்தில் 60தான் கேட்கும். வீடு தேடி வருகிற மருத்துவிச்சி அதைக் கேட்டுத் திடுக்கிட்டால் ஒரு உயிர் தப்பும்.

அப்படிப் பிறக்கிற சில குழந்தைகளுக்குப் பேஸ்மேக்கர் வேண்டும். பற்றரியில் ஓடும் பேஸ்மேக்கர் பிறந்ததே பிள்ளைகளுக்காகத்தான், தெரியுமா? 1957இல் மினியாபொலிஸில் மின்சாரம் நின்றபோது, சுவரில் சொருகிய கருவிகளை நம்பிப் பிள்ளைகள் கிடந்தார்கள். வைத்தியர் லில்லிஹை கேட்டுக்கொள்ள, ஏர்ல் பாக்கன் சில வாரத்தில் உடம்பில் அணியக்கூடிய அளவில் ஒன்றைச் செய்து கொடுத்தார். தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் சுற்றைப் பார்த்து! அடுத்த ஆண்டே சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடம்புக்குள்ளேயே பொருத்தினார்கள். முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. மாற்றி மாற்றி 26 கருவிகள். செய்தவரும் பொருத்தியவரும் இறந்த பிறகும் வாழ்ந்து, 2001இல் 86 வயதில்தான் போனார்.

பச்சைக் குழந்தைக்கு நெஞ்சில் இடம் போதாது. கருவியை வயிற்றில் வைத்து, கம்பியை இதயத்தின் வெளிப்புறத்தில் தைப்பார்கள். அந்தக் கம்பியை நேராக விடமாட்டார்கள். உள்ளே சுருட்டி விடுவார்கள், பிள்ளை வளர வளர நீளட்டும் என்று!