ரோஜா முத்தையாவின் காகிதப் புதையல்!

அழியாமல் காப்பது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளில் இரும்புப் பெட்டி இருக்கும். அதில் நகை இருக்கும். நகைக்குப் பக்கத்தில் காகிதமும் இருக்கும்.

வீட்டுப் பத்திரம், கணக்கு நோட்டு, திருமணத்தின்போது எழுதிய இசைகுடிமானம், பர்மாவில் இருந்து தாத்தா போட்ட கடிதம்... இப்படி எத்தனையோ!

தங்கம் துருப்பிடிக்காது. காகிதம் அப்படி அல்ல. கறையான் தின்னும். ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். சும்மா வைத்திருந்தாலும் மஞ்சள் நிறமாகி அப்பளம்போல் நொறுங்கும்.

தொலைந்த நகையைப் பணம் இருந்தால் திரும்ப வாங்கலாம். தாத்தாவின் கடிதத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இந்தக் கேள்விக்கு விடை சொன்ன ஊர், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது.

கோட்டையூர்க்காரர்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ளது கோட்டையூர். வள்ளல் அழகப்பர் பிறந்த ஊர்.

அதே ஊரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். பெரிய பட்டம் பெற்றவர் அல்ல. ஆனால், அச்சடித்த தமிழ்க் காகிதம் எதைக் கண்டாலும் அவருக்கு விட மனம் வராது.

புத்தகம் சேர்த்தார். பத்திரிகை சேர்த்தார். அதோடு நின்றாரா? இல்லை! நாடக நோட்டீசு, கலியாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததையும் சேர்த்தார்.

சேர்ந்தவை சுமார் 1 லட்சம்! ஆராய்ச்சியாளர்கள் அவரைத் தேடிக் கோட்டையூருக்கு வந்தார்கள்.

1992-ம் ஆண்டு அவர் காலமானார். அத்தனையும் சிதறிப் போயிருக்கும். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. ஆனால், கப்பல் ஏற்றிக்கொண்டு போகவில்லை. தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தது.

1994-ல் சென்னையில் "ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்" உருவாயிற்று. இப்போது அது தரமணியில் இருக்கிறது.

பிலிமில் ஏறிய புத்தகம்

நூலகம் வந்துவிட்டது. காகிதம் நொறுங்குவது நின்றுவிடுமா?

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழில் இருந்து மலிவான காகிதம் செய்யத் தொடங்கினார்கள். அதில் அமிலம் உண்டு. அந்த அமிலமே காகிதத்தை உள்ளிருந்து அரிக்கிறது.

ஆகவே, பக்கம் பக்கமாக மைக்ரோபிலிம் எடுத்தார்கள். குளிர்ந்த, ஈரம் இல்லாத அறையில் முறைப்படி வைத்தால் நல்ல பிலிம் 500 ஆண்டுகள் வரை தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதைப் படிக்க வெளிச்சமும் ஒரு கண்ணாடி வில்லையும் போதும்.

பிறகு கம்ப்யூட்டர் காலம் வந்தது. "ஸ்கேன்" செய்யும் முறை வந்தது. கூடவே புதிய தொல்லையும் வந்தது!

எந்த வடிவில் வைப்பது?

கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைப் பல வடிவங்களில் சேமிக்கலாம். வடிவம் தவறினால், பின்னால் கோப்பு இருக்கும், படிக்க முடியாது!

முக்கியமான வடிவங்கள் மூன்று.

ஒன்று, "டிஃப்". மூலப் பிரதிக்கு ஏற்றது. படத்தின் ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் வைக்கலாம். ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுத்தால், சுமார் 26 எம்.பி. ஆகும். 200 பக்கம் என்றால் 5 ஜி.பி.க்கு மேல்!

இரண்டு, "ஜேபெக்". இது சிறியது. அனுப்புவதற்கு வசதி. ஆனால், சுருக்கும்போது கொஞ்சம் விவரத்தை உதறிவிடும். திருத்தித் திருத்திச் சேமித்தால் படம் மங்கிக்கொண்டே போகும். அடிக்கடி துவைத்த கண்டாங்கிச் சேலை மாதிரி!

மூன்று, "பி.டி.எஃப்/ஏ". நீண்ட காலம் காப்பதற்கென்றே 2005-ல் உலகத் தர அமைப்பு வகுத்த வடிவம். எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும். பூட்டுச்சொல் போட அனுமதி இல்லை. ஏன்? பூட்டியவர் போய்விட்டால் திறப்பது யார்?

எழுத்துரு விஷயத்தில் தமிழர்கள் பட்டது கொஞ்சம் அல்ல. 1990-களில் ஒவ்வொரு கம்பெனியும் தமிழுக்கு ஒரு முறை வைத்திருந்தது. அன்று அடித்ததை இன்று திறந்தால் பல சமயம் கொக்கிகளும் கோடுகளும்தான் தெரிகின்றன. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணை பிறப்பித்தது.

முன்கூட்டியே ஏற்பாடு

இன்று பல அலுவலகங்கள் ஆவணம் காக்கும் சாப்ட்வேர் வைத்திருக்கின்றன. எது எந்த வடிவில் போக வேண்டும் என்று அதில் முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். பத்திரம் வந்தால் பி.டி.எஃப்/ஏ, பழைய போட்டோ வந்தால் டிஃப் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

அந்த ஏற்பாட்டைச் செய்கிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த நினைத்து அதிகமாகச் சுருக்கிவிட்டால், ஆயிரம் பக்கமும் ஒரே நாளில் மங்கிப் போகும். அசல் காகிதமும் அழிந்த பிறகு அதைத் திருத்தவே முடியாது. ஆகவே, பத்துப் பக்கத்தை முதலில் போட்டுப் பார்த்து, பெரிதாக்கிப் படித்துப் பார்த்து, பிறகு மற்றதைத் தொடங்க வேண்டும்.

இன்னொரு காவலும் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் கம்ப்யூட்டர் ஒரு சரிபார்ப்பு எண் போடும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். பெட்டியடியில் ஐந்தொகை போட்டுக் கணக்கைச் சரிபார்த்தார்களே, அதே வேலைதான்!

உங்கள் வீட்டில்...

இதெல்லாம் பெரிய நூலகங்களுக்குத்தானா? இல்லை. நீங்களும் செய்யலாம்.

பத்திரத்தையும் கடிதத்தையும் 300 புள்ளி அளவில் ஸ்கேன் செய்யுங்கள். கடையில் கொடுத்தால், "பி.டி.எஃப்/ஏ வேண்டும்" என்று கேளுங்கள். கோப்புக்கு 1, 2 என்று பெயர் வைக்காதீர்கள். ஆண்டு, ஊர், யாருடையது என்று பெயர் வையுங்கள்.

பிரதிகள் மூன்று இருக்கட்டும். அதில் ஒன்று வேறு ஊரில், மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, திறந்து பாருங்கள்.

முக்கியமான ஒன்று: ஸ்கேன் செய்துவிட்டோம் என்று அசலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கோர்ட்டிலும் பத்திர அலுவலகத்திலும் அசலைத்தான் முதலில் கேட்பார்கள்.

பெயர்ப் பலகை எழுதிய ஒரு மனிதர் லட்சம் காகிதங்களைக் காத்தார். நம் வீட்டில் இருப்பது ஒரு பெட்டிதானே!