'88 வோல்ட்' ட்ரில்லுக்குள்ளே என்ன இருக்கு?

ஐ.டி.ஐ. முடிச்சுட்டு வயரிங் வேலைக்குக் கிளம்புற பசங்க, பாலிடெக்னிக் லீவுல கேமரா மாட்டப் போற பார்ட்டிகள்... எல்லாருக்கும் இப்போ கண்ணு கார்ட்லெஸ் ட்ரில் மேலதான். ஒயர் கிடையாது, ஏணியில ஏறினா காலைச் சுத்தாது. ஆனா, கடையில போய் நின்னா தலை சுத்தும்! 12 வோல்ட், 18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட்... பக்கத்துலயே பளபளன்னு '88 வி.எஃப்.'னு ஒண்ணு. விலையும் கம்மி. கை தானா அதுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்க பாஸ்!

திருவரங்குளம் பக்கத்துப் பசங்களுக்கு பேட்டரியோட அருமையைத் தனியா சொல்லவே வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையே புரட்டிப் போட்டுச்சு. தென்னையோட சேர்ந்து கரன்ட் கம்பமும் சாய, கிராமங்கள் நாள்கணக்குல இருட்டுல கிடந்தன. பறந்துபோன கூரை ஷீட்டை மறுபடி முடுக்கணும்னா, ப்ளக்ல சொருகுற ட்ரில் அப்போ வெறும் இரும்புத் துண்டுதான். 'இந்த சார்ஜுல இன்னும் எத்தனை ஸ்க்ரூ ஏறும்?' என்பதுதான் அந்த நேரத்துக் கேள்வி.

பதில் பேட்டரி பேக்குக்கு உள்ளே இருக்கு. (பிரிச்சுப் பார்த்துடாதீங்க சாமி, லித்தியம் விளையாட்டு இல்லை!) பெரும்பாலும் 18 மி.மீ. குறுக்களவும் 65 மி.மீ. நீளமும் உள்ள குட்டி செல்கள்தான். ஒரு செல் 3.6 வோல்ட். அஞ்சை வரிசையா கோத்தா 18 வோல்ட். ஃபுல் சார்ஜ்ல ஒவ்வொண்ணும் 4.2 வரை ஏறும், அப்போ 21. ஆக 18, 20, 21 எல்லாம் ஒரே ஆளுக்கு மூணு பேரு! '12 வோல்ட்'னு சொல்றது மூணு செல். நிஜமாவே 88 வோல்ட் வேணும்னா இருபதுக்கு மேல செல்லை வரிசையா அடுக்கணும். உள்ளங்கை அளவு பேக்ல இடம் ஏது? 'வி.எஃப்.' என்பது வோல்ட்டேஜே இல்லை, சும்மா ஸ்டிக்கர் சமாசாரம்.

வோல்ட்டுக்கு அடுத்துப் பார்க்கவேண்டியது ஆம்பியர்-அவர். அதுதான் டேங்க். ரெண்டையும் பெருக்கினா வாட்-அவர். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர்னா 36. உங்க பாக்கெட்ல இருக்கிற 5,000 மில்லி ஆம்பியர் செல்போன் சுமார் 19தான். 4 ஆம்பியர்-அவர் பேக்ல பொதுவா பத்து செல் இருக்கும், கணக்கு 72. டேங்க் பெருசானா ஓட்டம் மட்டும் கூடுறதில்லை, இழுவையும் கொஞ்சம் கூடும். ஓட்டை பெருசாகும்போது மோட்டார் கரன்ட்டைக் குடிச்சுத் தள்ளும். அஞ்சு செல் மூச்சு வாங்குற இடத்துல பத்து செல் சுமையைப் பங்கு போட்டுக்கும்.

அப்ப பெருசே வாங்கிடலாமா? ஒரு செல் சுமார் 45 கிராம். கூடுதலா அஞ்சுன்னா கிட்டத்தட்ட கால் கிலோ. காலையிலேர்ந்து சாயங்காலம் வரை தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சா தோள்பட்டை சொல்லும் சேதி! நம்ம ஓட்டு, 4 ஆம்பியர் ஒண்ணுக்குப் பதிலா 2 ஆம்பியர் ரெண்டுக்கு. ஒண்ணு சார்ஜ்ல கிடக்க, இன்னொண்ணு வேலை பார்க்கும். ஷெட் வேலை, மரத்துல பெரிய ஓட்டைன்னா மட்டும் 4. கதவு, அலமாரி ஸ்க்ரூவுக்கு 12 வோல்ட்டே தாராளம். செங்கல், செம்புராங்கல் சுவரை 18 வோல்ட் ஹேமர் ட்ரில் சமாளிச்சுடும். காங்கிரீட் தளத்துல வரிசையா ஓட்டை போடணுமா? அதுக்கு ரோட்டரி ஹேமர்தான். சாதாரண ட்ரில்லைப் போட்டு அழுத்தினா பேட்டரியோட நீங்களும் சூடாவீங்க.

இன்னொரு விஷயம், ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷின்ல பொதுவா ஏறாது. நாளைக்கு கிரைண்டர், ப்ளோயர் வாங்கினாலும் அதே கம்பெனிதான் கதி. அதனால, புதுக்கோட்டை டவுன்ல உதிரி பேட்டரி தனியா கிடைக்குதான்னு முதல்லயே கேட்டுடுங்க.

'முழுசா காலியானாதான் சார்ஜ் போடணும்'னு சீனியர் அண்ணன்கள் சொல்றது பழைய நிக்கல்-காட்மியம் காலத்துப் பாடம். 1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் கொண்டுவந்த கார்ட்லெஸ் ட்ரில்லுல இருந்தது அந்த ரகம். லித்தியத்துக்கு அது ஆகாது. எப்ப வேணாலும் சார்ஜ் போடலாம், சூடா இருக்கும்போது மட்டும் கூடாது. சித்திரை வெயில்ல பைக் பெட்டிக்குள்ள வெச்சுட்டுப் போறதும் கூடாது.

சிங்கப்பூர் மச்சான் ஊருக்கு வரும்போது வாங்கிட்டு வர்றாரா? போன் போட்டுச் சொல்லிடுங்க: மெஷின் செக்-இன் பெட்டியில, கழட்டின பேட்டரி கைப்பையில. 100 வாட்-அவர் வரை பிரச்னை இல்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர்னா 90, தாராளமா வரலாம். 6 ஆம்பியர்னா 108, ஏர்லைன்ஸ்ல முன்கூட்டியே அனுமதி கேட்கணும்.