அணைந்த நகரில் மீண்டும் விளக்கு

2012 நவம்பர் 30. பாராகன் சிட்டி என்ற கற்பனை நகரில் சூப்பர் ஹீரோக்கள் கடைசி முறையாகக் கூடி நின்றார்கள். 2004ல் தொடங்கிய 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற அமெரிக்க இணைய விளையாட்டின் சர்வர்களை கொரிய நிறுவனமான என்சிசாஃப்ட் அணைத்தது. ரசிகர்களின் கையெழுத்து இயக்கம் பலிக்கவில்லை.

ஆனால், சிலர் மட்டும் ரகசியமாக அதன் நகலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2019ல் குட்டு உடைந்ததும் மற்றவர்களுக்கு வந்தது மகிழ்ச்சியல்ல, கோபம்: இத்தனை வருஷம் எங்களிடம் ஏன் மறைத்தீர்கள்? நியாயமான கேள்விதான். அதன்பின் மூல நிரல் வெளியே வந்தது. 'ஹோம்கமிங்' என்ற ரசிகர் குழு எல்லோருக்கும் இலவசமாகக் கதவைத் திறந்தது.

இருந்தும் அடுத்தவர் சொத்து. ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால் கதை முடிந்திருக்கும். வந்ததோ, 2024 ஜனவரியில் என்சிசாஃப்டின் உரிமம். சர்வர் செலவு நன்கொடையில் நடக்கிறது; தேவையான தொகை சேர்ந்ததும் வசூலை நிறுத்திவிடுகிறார்கள்.